மனநல மையத்தில் இன்டர்ன்ஷிப்: கூட வேலை பார்க்கிறவர்களிடம் என் நோயைச் சொல்லலாமா?

வைகைக்கரை

வணக்கம். எம்.எஸ்சி. உளவியல் கடைசி வருடம் படிக்கிறேன். மதுரைக்கு வெளியே ஒரு மனநல மறுவாழ்வு மையத்தில் இந்தப் பருவம் முழுக்க இன்டர்ன்ஷிப். மையத்தின் பெயரைக் கேட்காதீர்கள்.

எனக்கு பைபோலார் (மனநிலை அளவுக்கு மீறி ஏறியும் இறங்கியும் போகும் இருமுனைக் கோளாறு) இருக்கிறது. இளங்கலை படிக்கும்போது தெரியவந்தது. அன்றிலிருந்து மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறேன். உடம்பும் மனசும் ஒழுங்காக இருக்கின்றன, படிப்பும் நன்றாகப் போகிறது. வீட்டில் தெரியும், துறையில் என் வழிகாட்டி மேடத்துக்குத் தெரியும். மையத்தில் யாருக்கும் தெரியாது.

அங்கே எனக்கு நல்ல கூட்டாளிகள் அமைந்துவிட்டார்கள். மேலூர்ப் பக்கத்திலிருந்து வரும் இன்னொரு இன்டர்ன், உசிலம்பட்டியிலிருந்து வரும் சமூகப் பணியாளர் அக்கா, ஸ்டாஃப் நர்ஸ் ஒருவர். மதியம் நாலு பேரும் டிபன் பாக்ஸை நடுவில் வைத்துத்தான் சாப்பிடுவோம். பஸ்ஸை விட்டுவிட்டால் அக்கா தன் ஸ்கூட்டியில் மாட்டுத்தாவணி வரை கொண்டுவந்து விடுவார். கேஸ் ஹிஸ்டரி எழுதத் தெரியாமல் முழித்தபோது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். அவர் கெட்டவர் என்று யாரும் எழுதிவிடாதீர்கள். அவர் நல்லவர் என்பதால்தான் இந்தக் கேள்வியே வருகிறது.

சமீபத்தில் ஒரு மதியம், குணமாகி வீட்டுக்குப் போகப்போகும் ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்சு வந்தது. அவளுக்கும் பைபோலார், என்னைவிடச் சின்னவள். "என்னதான் சரியானாலும் இவளை எவன் கட்டுவான்? கட்டுறவன் குடும்பத்தை நினைச்சா பாவமா இருக்கு" என்றார் அக்கா. மற்ற இருவரும் ஆமாம் போட்டார்கள். அக்கா எனக்கு எடுத்து வைத்த கத்தரிக்காய்க் கூட்டு என் தட்டில் இருந்தது. சாப்பிட்டு முடித்தேன்.

இன்னொன்று, தம்ளர். எங்களுக்கு டீ எவர்சில்வர் தம்ளரில் வரும். உள்ளே தங்கியிருப்பவர்களுக்கு நீல பிளாஸ்டிக் தம்ளர். தண்ணீர் குடிக்கிற அவசரத்தில் ஒரு நாள் நீலத் தம்ளரை எடுத்துவிட்டேன். உதவியாளர் அம்மா பதறிப்போய்க் கையிலிருந்து வாங்கினார். "அது பேஷண்ட் தம்ளர்மா, உனக்கு எதுக்கு?"

லித்தியத்தால் எனக்குக் கை லேசாக நடுங்கும். "காலையில சாப்பிடலையா, சுகர் பார்த்தியா" என்று அக்கறையாகக் கேட்கிறார்கள். ஏதோ சொல்லிச் சமாளிக்கிறேன்.

சொல்லாமல் இருந்தால் இது நட்பு தானா? சொன்னால் நட்பு நிற்குமா? அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள்.

மேலூர்க்காரன்

சொல்லாதே தங்கச்சி.

என் நெருங்கிய நண்பர் ஒரு தனியார் பள்ளியில் கவுன்சலராக இருந்தார். பதற்றக் கோளாறுக்கு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்டாஃப் ரூமில் நம்பிச் சொன்னார். யாரும் முகத்தைச் சுளிக்கவில்லை. "தைரியமா இருங்க சார்" என்றுகூடச் சொன்னார்கள். அப்புறம் பிள்ளைகளை அவரிடம் அனுப்புவது கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை, செலவைக் குறைக்கிறோம் என்றார்கள். எதை வைத்து, யாரிடம் போய் நிரூபிப்பது?

நீ இன்னும் படிப்பை முடிக்கவில்லை. முடித்ததற்கான சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் அந்த மையத்துக்காரர்கள். உசிலம்பட்டியில் சொன்னது ஊமச்சிகுளத்துக்கு வந்துசேர ஒரு பொழுது போதும். உனக்கு மட்டுமில்லை, உன் கூடப் பிறந்தவர்களுக்கு வரன் பார்க்கும்போதும் இது வந்து நிற்கும். அது அநியாயம்தான். ஆனால் அந்த அநியாயத்தோடு தனியாக மோத வேண்டிய வயதா உனக்கு?

அரசரடி_87

மேலூர்க்காரன் அண்ணே, மனநலம் படித்தவர்களே ஒளித்து வைத்தால் வெளியில் இருக்கிறவன் எப்படிப் பேசுவான்? எனக்கு மனச்சோர்வு வந்தபோது, "எனக்கும் இருந்தது, மாத்திரை சாப்பிட்டேன், சரியானது" என்று ஒரே ஒருத்தர் சொல்லியிருந்தால் நான் இரண்டு வருஷம் முன்னாடியே டாக்டரிடம் போயிருப்பேன். சொல்லுங்கள் வைகைக்கரை. உங்களை மாதிரி ஆட்கள் சொன்னால்தான் மாறும்.

ஓய்வுபெற்ற சிஸ்டர்

பாப்பா, நான் வேறு ஒன்று சொல்கிறேன். மனநல வார்டில் பல வருஷம் வேலை பார்த்தவள், அதனால் உரிமையோடு சொல்கிறேன்.

சமுதாயத்தை மாற்றுவது அப்புறம் இருக்கட்டும். நீ சாப்பிடுவது லித்தியம். அதில் பலன் தரும் அளவுக்கும் உடம்பைக் கெடுக்கும் அளவுக்கும் நடுவில் இடைவெளி குறைவு. ரத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கும்படி பார்ப்பார்கள். மதுரைக் கத்திரி வெயிலில் வியர்த்துக் கொட்டி, தண்ணீர் சரியாகக் குடிக்காமல் இருந்தாலே அளவு ஏறும். வயிற்றுப்போக்கு வந்தாலும் ஏறும். உடம்பு வலி என்று யாராவது ஐபுபுரூஃபனோ டைக்ளோஃபினாக்கோ நீட்டினால் வாங்கிப் போட்டுக்கொள்ளாதே, அதுவும் லித்தியத்தை ஏற்றும்.

இப்போது இருப்பது போல லேசான கை நடுக்கம் பலருக்கு வருவதுதான். நடுக்கம் பெரிதாகி, வாந்தி, பேதி, நாக்குக் குழறல், நடையில் தள்ளாட்டம் என்று வந்தால் அது அவசரம். அந்த நேரத்தில் உன்னால் தெளிவாகப் பேச முடியாமல் போகலாம். பக்கத்தில் இருப்பவர்கள் வெயில் மயக்கம் என்று நினைத்து மோர் கொடுத்து உட்கார வைப்பார்கள். "இந்தப் பிள்ளை லித்தியம் சாப்பிடுது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்று சொல்ல அந்த வளாகத்தில் ஒரு ஆள் வேண்டும். ஒரே ஒரு ஆள் போதும். அந்த ஆள் யார் என்று யோசி. எல்லோரிடமும் சொல்வதா வேண்டாமா என்பதற்கு அவசரமே இல்லை.

ரத்தப் பரிசோதனையை விட்டுவிடாதே. கடைசி டோஸுக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். காலை மாத்திரை உண்டென்றால் ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்.

வைகைக்கரை

நன்றி சிஸ்டர். கீழக்குயில்குடி பக்கம் கள வேலைக்கு வெயிலில் போகிறோம். டாக்டர் தண்ணீர் விஷயம் சொல்லியிருக்கிறார், ஆனால் கூட ஒரு ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று இந்தக் கோணத்தில் நான் யோசித்ததே இல்லை.

அரசரடி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் எல்லோருக்காகவும் நான் சொல்ல வேண்டும் என்றால் பயமாக இருக்கிறது.

உளவியல் வாத்தியார்

பயப்படுவதில் தப்பே இல்லை. பிரச்சாரத்துக்காக ஒருவர் தன் மருத்துவ விவரத்தைக் கொடுக்க வேண்டிய கடமை யாருக்கும் கிடையாது. அரசரடி சொல்வதில் நியாயம் உண்டு, ஆனால் அந்தப் பாரத்தை இன்டர்ன்ஷிப்பில் இருக்கும் ஒரு பெண்ணின் தலையில் வைக்கக் கூடாது.

நான் எழுத வந்தது அந்த அக்காவைப் பற்றி. வருஷக்கணக்காக மனநல மையத்தில் வேலை பார்ப்பவர், நல்லவர், அப்படிப்பட்டவர் எப்படி "இவளை எவன் கட்டுவான்" என்கிறார்? என் மாணவர்கள் களப்பயிற்சி முடித்து வந்து இதைத்தான் அதிகம் கேட்பார்கள்.

பட்ரீசியா கோஹன், ஜேக்கப் கோஹன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1984-இல் ஒரு விஷயத்தை எடுத்துக் காட்டினார்கள். சிகிச்சை தருபவர்கள் கண்ணில் படுவது நோயாளிகளில் ஒரு பகுதிதான், அதுவும் நோய் நீண்டுபோனவர்களும் திரும்பத் திரும்ப வருபவர்களும்தான் அதிகமாகப் படுவார்கள். சரியாகிப் போனவர் வேலைக்குப் போகிறார், கல்யாணம் செய்கிறார், பிள்ளை பெறுகிறார். அவர் மறுபடி மையத்துக்கு வந்து "நான் நன்றாக இருக்கிறேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவதில்லை. அதனால் அந்த நோய் என்றாலே இப்படித்தான் முடியும் என்று பணியாளர் மனதில் பதிந்துவிடுகிறது. உங்கள் அக்கா பார்த்ததெல்லாம் திரும்பி வந்தவர்களை. அவர் அனுபவத்திலிருந்துதான் பேசுகிறார், ஆனால் பாதி அனுபவத்திலிருந்து.

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு கூட்டத்தார் பழகினால் வெறுப்பு குறையும் என்று பொதுவாகச் சொல்கிறோம். கோர்டன் ஆல்போர்ட் 1954-இல் அதற்கு நிபந்தனைகள் போட்டார். இருவரும் சம நிலையில் இருக்க வேண்டும், ஒரே வேலைக்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், போட்டி இருக்கக் கூடாது, மேலே இருப்பவர்களின் ஆதரவு வேண்டும். உங்கள் மையத்தில் பணியாளர்களும் தங்கியிருப்பவர்களும் நாள் முழுக்கப் பழகுகிறார்கள். ஆனால் ஒருவர் கையில் சாவி, இன்னொருவர் கையில் நீலத் தம்ளர். அந்தப் பழக்கம் எத்தனை வருஷம் நீண்டாலும் இளக்காரத்தைக் குறைக்காமல் போகலாம், கூட்டவும் செய்யலாம். டீக்கடையில் இரண்டு தம்ளர் வைத்திருந்த வரலாறு உள்ள மண் இது. அந்த வரலாறு தெரிந்தவர்கள் ஒரு மருத்துவ இடத்தில் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது.

பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலக் கோளாறு அப்போது இருந்தது தெரிந்தது. எவர்சில்வர் தம்ளரில் டீ குடிப்பவர்களிலும் மாத்திரை சாப்பிடுபவர்கள் இருப்பார்கள். அவர்களும் உங்களைப் போலவே வாயைத் திறக்காமல் இருப்பார்கள்.

செல்லூர்க்காரர்

நான் இந்தத் தம்ளர்க் கதைக்கு அந்தப் பக்கத்தில் இருந்தவன். சைசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய். உள்நோயாளியாக இருந்தேன், அப்புறம் டேகேர், இப்போது ஒரு மையத்தில் ஸ்டோர் பார்க்கிறேன். சம்பளம் வாங்குகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோரும் என்னிடம் மிக அன்பாக இருந்தார்கள். அந்த அன்பு எனக்கு ஆகவில்லை. "சாப்பிட்டீங்களா, நல்லாத் தூங்கினீங்களா" என்று சின்னப் பிள்ளையிடம் பேசுகிற குரலில் கேட்பார்கள். நான் ஏதாவது கோபமாகச் சொன்னால் உடனே ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள். "மாத்திரை போட்டீங்களாண்ணே?" கோபம் வர எனக்கு உரிமை இல்லையா? பில்லில் தப்பாகக் கணக்குப் போட்டால் யாருக்கும் கோபம் வரும். எனக்கு வந்தால் மட்டும் அது நோய்.

ஒரு தடவை பினாயில் கேன் இரண்டு குறைந்தது. மேற்பார்வையாளர் ஒருத்தர் ஸ்டோர் வாசலில் நின்று என்னைப் பிடி பிடி என்று பிடித்தார். "ரெஜிஸ்டர்ல ஒழுங்கா எழுத மாட்டீரா? உம்மை நம்பிச் சாவி கொடுத்தா இதான் லட்சணமா?" நானும் விடவில்லை. "நீங்க கையெழுத்துப் போடாம எடுத்துட்டுப் போனா நான் எதை எழுதுறது?" என்று திருப்பிக் கேட்டேன். பக்கத்தில் இருந்த சிஸ்டர் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிடட்டுமா என்றார். மேற்பார்வையாளர், "எதுக்கு டாக்டர்? இது பினாயில் சண்டை" என்றார். தேடியதில் கேன் ரெண்டும் சமையல்கட்டில் இருந்தது. சாயங்காலம் வந்து, "டீக்குப் போவமா" என்றார். இன்றுவரை அவர்தான் எனக்கு நெருக்கம். என் தங்கச்சி கல்யாணத்தில் பந்தி பரிமாறியது அவர்தான்.

வைகைக்கரை, உங்களுக்கு நான் சொல்வது இதுதான். சொன்ன பிறகும் உங்களோடு சண்டை போடக்கூடிய ஆளாகப் பார்த்துச் சொல்லுங்கள். உங்களைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி கையாள ஆரம்பிக்கிற ஆள் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரோடு நட்பு வளராது.

மேலூர்க்காரன்

செல்லூர் அண்ணே, கும்பிடுகிறேன். இதைப் படித்த பிறகு நான் மேலே எழுதியதில் கொஞ்சம் சேர்த்துக்கொள்கிறேன். மையத்தில் எல்லோருக்கும் சொல்ல வேண்டாம் என்பதில் இன்னும் உறுதியாக இருக்கிறேன். ஒரு ஆளுக்குச் சொல்லலாம்.

வைகைக்கரை

செல்லூர் அண்ணா, நான் பயப்படுவதை நீங்கள் அப்படியே எழுதிவிட்டீர்கள். எனக்குக் கோபத்தைவிடச் சந்தோஷம்தான் பிரச்சினை. நான் கலகலவென்று பேசுகிற ஆள். பைபோலார் என்று தெரிந்தால் நான் சிரிக்கிற சிரிப்பையெல்லாம் எடை போடுவார்களோ என்று இருக்கிறது. ஒரு நாள் வளையல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனால்கூட, "செலவு கூடுதே, தூக்கம் சரியா இருக்கா" என்று கேஸ் ஷீட் கேள்வி வருமோ? நாங்கள் நாலு பேருமே அறிகுறிகளைக் கவனிக்கப் பயிற்சி எடுத்தவர்கள். அதனால் மற்ற அலுவலகங்களைவிட இங்கே சொல்வதுதான் கஷ்டமாக இருக்கிறது.

சட்டம் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? மையம் இதைக் காரணம் காட்டி என்னை அனுப்ப முடியுமா?

தல்லாகுளம் வக்கீல்

பொதுவாகச் சொல்கிறேன், உங்கள் வழக்கை நேரில் பார்த்துச் சொல்லும் ஆலோசனை வேறு.

2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு ரகசியக் காப்பு உரிமையைத் தருகிறது. ஆனால் அது உங்களுக்குச் சிகிச்சை தருபவர்களைக் கட்டுப்படுத்துவது. நீங்களாக மதியச் சாப்பாட்டில் சொல்லிவிட்டு, கேட்டவர் வெளியே சொல்லிவிட்டார் என்று இந்தப் பிரிவைக் காட்டிப் பிடிக்க முடியாது. இதைத் தெளிவாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகளில் மனநோயும் ஒன்று. வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்ற 20-ஆம் பிரிவு அரசு நிறுவனங்களைப் பற்றியது. 21-ஆம் பிரிவுப்படி நிறுவனங்கள் சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை வெளியிட வேண்டும். உங்கள் மையத்தில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள், கேட்பதற்கு உங்கள் நோயைச் சொல்ல வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் ஒரு சி.ஆர்.பி.எஃப். அதிகாரி வழக்கில், மனநலக் குறைபாடு உள்ளவர் மீது அதோடு தொடர்புள்ள நடத்தைக்காக ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது மறைமுகப் பாகுபாடு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் இன்டர்ன் என்பவர் ஊழியரா என்பதிலேயே இழுபறி வரும். மேலூர்க்காரர் சொன்ன மாதிரி காரணத்தை மாற்றிச் சொல்லி அனுப்பினால் நிரூபிப்பது கடினம். அதனால் வழிகாட்டிப் பேராசிரியைக்குத் தெரியும் என்பது உங்களுக்குப் பெரிய பலம். மையத்தில் ஒருவரிடம் சொல்வதற்கு முன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி, அதை ஒரு மின்னஞ்சலாகவும் போட்டுவையுங்கள்.

சாயல்குடி

தம்ளரில் என்ன இருக்கிறது என்று நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் ராமநாதபுரம் மாவட்டம். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். கொட்டகையில் சங்கிலியால் கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. நான் அப்போது பள்ளிக்கூடத்துப் பையன். பெரியவர்கள் பேசிக்கொண்டதில் எனக்கு மறக்காதது, "பாவம், ஆனா அதுகளுக்கு என்ன தெரிஞ்சிருக்கப் போகுது" என்று ஒருவர் சொன்னது. நெருப்பு சுடும் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது என்று நினைத்தார். அவரும் கெட்டவர் இல்லை.

2017 சட்டத்தின் 95-ஆம் பிரிவு எந்த வடிவத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. சங்கிலிக்கு முந்தின படிகள் அந்தப் பிரிவில் வராது. தனித் தம்ளர், தனிக் குரல், "எவன் கட்டுவான்" எல்லாம் அந்தப் படிகள்தான்.

அரசரடி_87

இதற்கெல்லாம் காரணம் கோயில், தர்கா என்று கூட்டிக்கொண்டு போய் விடுகிற சனங்கள்தான். நம்ம பாண்டி கோயிலிலேயே பார்க்கலாமே, டாக்டரிடம் போக வேண்டியவர்களைப் பேய் என்று கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.

சாயல்குடி

தம்பி, கோபம் சரி, ஆள் தப்பு. ராத்திரியெல்லாம் தூங்காமல் கத்துகிற மகனை வைத்துக்கொண்டு ஒரு தாய் எங்கே போவாள்? பக்கத்து வீடு கதவைச் சாத்தியது, சொந்தம் வருவதை நிறுத்தியது. தர்காவில் யாரும் அவளை ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. ஏர்வாடி தர்காவிலேயே இப்போது மருத்துவரும் மாத்திரையும் துஆவும் ஒரே இடத்தில் கிடைக்கிறது. குணசீலத்தில் கோயிலை ஒட்டியே மனநல மறுவாழ்வு மையம் இருக்கிறது. சாமி கும்பிடுகிற சனங்களை வசைபாடி யாரையும் டாக்டரிடம் கொண்டுவர முடியாது.

ஓய்வுபெற்ற சிஸ்டர்

சாயல்குடித் தம்பி சொல்வது சத்தியம். மந்திரித்த கயிறு கட்டின கையோடுதான் எங்கள் ஓபிக்கு வருவார்கள். கயிற்றை அவிழ்க்கச் சொன்ன டாக்டரிடம் அடுத்த தடவை வர மாட்டார்கள். கயிறு இருக்கட்டும், மாத்திரையும் போடுங்கள் என்றவரிடம் வந்தார்கள்.

நெறியாளர்

பேச்சு கோயில் பக்கம் போய்விட வேண்டாம். இதைப் படிக்கும் யாருக்காவது இப்போதே மனசு தாங்கவில்லை என்றால் டெலிமானஸ் 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம்.

பழங்காநத்தம் தோழி

நான் சொல்லப்பட்ட பக்கம். கூட வேலை பார்த்தவள் ஒரு நாள் தனக்கு ஓசிடி (ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் நோய்) என்று சொன்னாள். சொன்னவர்கள் நிறைய எழுதுகிறார்கள், கேட்டவர்கள் யாரும் எழுதவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கேட்டதும் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் அழவில்லை, உதவியும் கேட்கவில்லை. ஏன் என்னிடம் சொல்கிறாள் என்றே குழப்பம். நல்லவேளை அவளே சொன்னாள்: "நீ எதுவும் செய்ய வேண்டாம். நான் கதவைத் திரும்பப் போய்ப் பார்த்தா கிண்டல் பண்ணாதே, நீயும் கூட வந்து பார்க்காதே." அந்தக் கடைசி வார்த்தை எனக்குப் பெரிய உதவி. நானாக இருந்தால் பாசத்தில் கூடவே போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்து, "சரியாத்தான் பூட்டியிருக்கே" என்று சொல்லியிருப்பேன். அப்படி உறுதி சொல்லிக்கொண்டே இருந்தால் ஓசிடி இன்னும் இறுகும் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன்.

வைகைக்கரை, சொல்லும்போது அவர்கள் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். வெறும் செய்தியாகச் சொன்னால் கேட்பவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு எங்கே வைப்பது என்று தெரியாமல் அலைவார்கள்.

வைகைக்கரை

எல்லோருக்கும் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது.

வழிகாட்டி மேடத்திடம் பேசி, மின்னஞ்சலும் போட்டுவிட்டேன். அப்புறம் கூட இன்டர்னாக இருக்கும் மேலூர்த் தோழியிடம் சொன்னேன். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது பருத்திப்பால் வாங்கிக்கொண்டு நின்றோம், அப்போது. பழங்காநத்தம் அக்கா சொன்னபடியே சொன்னேன். "லித்தியம் சாப்பிடுறேன். வாந்தி, பேதி, தள்ளாட்டம் வந்தா என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும், மாத்திரை பேரைச் சொல்லணும். நான் கேட்காம என் தூக்கத்தைப் பத்தி நீ கேட்கக் கூடாது. அக்காகிட்ட சொல்லக் கூடாது."

அவள் ஒன்றும் பேசவில்லை. பஸ் வந்தது, ஏறிவிட்டாள். இரவு லித்தியத்தைப் பற்றிப் படித்துவிட்டு நிறையச் செய்தி அனுப்பினாள். மறுநாளிலிருந்து ஒரு மாதிரி பதவிசாக நடந்துகொள்கிறாள். நான் எழுத வேண்டிய கேஸ் ஷீட்டையும் தானே எழுதிவிட்டாள். "என் ஷீட்டை நான்தான் எழுதுவேன்" என்று திருப்பிக் கொடுத்தேன், முகம் சுருங்கிவிட்டது. இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. ஆனால் மதியம் பக்கத்தில்தான் உட்காருகிறாள், என் டப்பாவில் கை வைக்கிறாள்.

தம்ளர் விஷயத்தை என் கதையைக் கலக்காமல் சூப்பர்வைசர் சாரிடம் வேலை விஷயமாகக் கேட்டேன். எவர்சில்வரைத் தூக்கி எறிந்தால் காயம் படும், பாதுகாப்புக்காகத்தான் பிளாஸ்டிக் என்றார். எனக்கு அதற்கு மேல் பேசத் தெரியவில்லை.

அக்காவிடம் சொல்லவில்லை. ஆனால் அந்த மாதிரிப் பேச்சு மறுபடி வந்தால் வாயை மூடிக்கொண்டு கூட்டு சாப்பிட என்னால் முடியாது. என்ன செய்யட்டும்?

ஓய்வுபெற்ற சிஸ்டர்

பாதுகாப்பு என்பது பொய்யில்லை. புதிதாக, கொந்தளிப்பில் வருபவர்கள் இருக்கும் வார்டில் அந்தக் கவனம் வேண்டும். ஆனால் உன் மையத்தில் பாதிப் பேர் தோட்ட வேலைக்கு மண்வெட்டி எடுப்பவர்கள், சமையலில் காய் நறுக்குபவர்களாக இருப்பார்கள். அரிவாள்மனையை நம்பிக் கொடுக்கிற ஆளிடம் எவர்சில்வர் தம்ளரைக் கொடுக்க என்ன பயம் என்று சாரிடம் பணிவாகக் கேள். அப்படியும் பிளாஸ்டிக்தான் என்றால் பணியாளர்களும் அதிலேயே குடிக்கட்டும். வார்டில் நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

உளவியல் வாத்தியார்

அக்காவோடு வாதம் வேண்டாம். அவர் பார்க்காத பாதியை அவர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பழைய ஃபைல்களில் "தொடர் சிகிச்சைக்கு வரவில்லை" என்று மூடியவர்கள் இருப்பார்கள். உங்கள் இன்டர்ன்ஷிப்பில் வீட்டுப் பார்வை உண்டு அல்லவா? அவர்களைப் போய்ப் பார்க்க ஒரு திட்டம் எழுதிக் கொடுங்கள், அக்காவைக் கூட அழைத்துப் போங்கள். எல்லோரும் நன்றாக இருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. சிலர் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷ்டப்படலாம், அதுவும் தெரிய வேண்டியதுதான். சிலர் வேறு டாக்டரிடம் பார்த்துக்கொண்டு, குடும்பம் நடத்திக்கொண்டு இருப்பார்கள்.

முன்கூட்டியே போனில் கேட்டு, அவர்கள் சரி என்றால் மட்டும் போங்கள். மையத்தின் பெயர் எழுதிய வண்டியில் தெருவுக்குள் போகாதீர்கள். சொந்தக்காரர்கள் மாதிரி பஸ்ஸில் இறங்கி நடந்து போங்கள்.

வைகைக்கரை

சார், திட்டம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிவிட்டேன். அக்காவே ஃபைல்களை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். ஒரு ஃபைலைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொண்ணு கொஞ்ச நாள் வந்துட்டு நின்னுடுச்சு, என்ன ஆச்சோன்னு நானே நினைப்பேன்" என்றார். போனில் அந்தப் பெண்ணே எடுத்தாள். அரசு மருத்துவமனையில் மாத்திரை வாங்கிக்கொள்கிறாளாம், தையல் கடை வைத்திருக்கிறாளாம். வாங்க, ஆனால் மாமியார் இருக்கும் நேரம் வேண்டாம் என்றாள்.

வர்ற வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறாள். நானும் அக்காவும் போகிறோம். மேலூர்த் தோழியும் வருகிறேன் என்றிருக்கிறாள். கேட்க வேண்டிய கேள்விகளை இரண்டு பேரும் தனித்தனியாக எழுதி, எது நல்ல கேள்வி என்று நேற்று அரை மணி நேரம் சத்தமாகச் சண்டை போட்டோம். அவளுடையதில் நாலு, என்னுடையதில் மூன்று எடுத்திருக்கிறோம்.